வான்கோழி வேட்டைக்கு சேஃபான சோக் ட்யூப் தேர்ந்தெடுக்கறது எப்படி: முழு வழிகாட்டி

சீசனுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது கடைக்குப் போய், பாக்கெட்ல பெருசா டர்க்கின்னு (வான்கோழி) போட்டிருக்கற சோக் ட்யூபை வாங்கிட்டு வந்து, மரை ஏறுதான்னு மட்டும் பாத்துட்டு, இருக்கறதுலயே விலை கூடின ஷெல்லை (தோட்டாவை) போட்டு சுடறவங்க அமெரிக்காவுல நிறைய பேர் இருக்காங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல, அதனாலதான் இந்தப் பழக்கம் அப்படியே ஓடிக்கிட்டிருக்கு. ஆனா ஆகும்போது பேரல் நுனி வீங்கிப்போகும், ட்யூப் உள்ளயே இறுகி வெளிய வராது, ரொம்ப மோசமா போனா குழலே பிளந்துடும், அப்ப முன்னாடி பிடிச்சிருக்கற கையும் பக்கத்துல உக்காந்திருக்கற ஆளும்தான் அதுக்கு நேரா இருப்பாங்க.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். ட்யூப் மேல பொறிச்சிருக்கற நம்பரை மட்டும் வெச்சு அது சேஃபா இல்லையான்னு முடிவு பண்ணவே முடியாது. உங்க பேரல், அந்த ட்யூப், நீங்க போடப்போற ஷெல், இந்த மூணும் சேருதான்னு பாக்கணும். ஒண்ணு மாறினாலும் கணக்கு முழுசா மாறிடும், போன வருஷம் நல்லா இருந்த ட்யூப் இந்த வருஷம் வேற ஷெல் போட்டதும் ஆபத்தா மாறலாம். அதனால கீழ இருக்கறதை வரிசையா பண்ணுங்க, நடுவுல எதையும் தாண்டிப் போகாதீங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஷாட்கன் தோட்டாவுக்குள்ள நூத்துக்கணக்குல ரவைங்க இருக்கும், அதைத்தான் பெல்லட்ன்னு சொல்றோம். பேரல் நுனில குழலோட உள்விட்டம் கொஞ்சம் குறுகலா இருந்தா அந்த ரவைங்க சட்டுன்னு பரவாம நெருக்கமா போகும். அந்தக் குறுகலுக்குப் பேர்தான் சோக், கழட்டி மாட்டற மாதிரி மரை வெச்சு வந்தா சோக் ட்யூப். வான்கோழியை உடம்புல சுடக்கூடாது, தலையும் கழுத்தும்தான் குறி, அது ரொம்பச் சின்ன இடம், அதனாலதான் மத்த வேட்டைய விட இதுக்கு ரொம்ப டைட்டான சோக் போடறாங்க. பிரச்சனை ஆரம்பிக்கறதும் அந்த டைட்ல இருந்துதான்.

ஸ்டெப் 1: முதல்ல பேரல் மேல எழுதியிருக்கறதைப் படிங்க

துப்பாக்கில தோட்டா இல்லன்னு கண்ணால பாத்து, விரல் விட்டும் பாத்து உறுதி பண்ணுங்க. அப்புறம் பேரல் பக்கவாட்டுல என்ன பொறிச்சிருக்குன்னு பாருங்க. கேஜ் (குழலோட அளவு), சேம்பர் (ஷெல் உக்கார்ற இடம்) நீளம், சோக் சிஸ்டத்தோட பேரு, இந்த மூணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சேம்பர் நீளத்தை லேசா எடுத்துக்காதீங்க. டர்க்கி ஷெல் நிறைய 3 இன்ச், 3½ இன்ச்ல வருது. இந்த நீளம் சுட்டு முடிச்சு ஷெல் வாயில இருக்கற மடிப்பு விரிஞ்ச பிறகு இருக்கற நீளம். சுடாத ஷெல் அதை விட குட்டையா இருக்கறதால 3½ இன்ச் ஷெல் 3 இன்ச் சேம்பர்ல சமயத்துல உள்ள போயிடும், கதவும் மூடிக்கும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாம பிரஷர் ஏறும். அமெரிக்காவுல தோட்டா பிரஷருக்கு அளவு வெக்கற சாமி (SAAMI) அமைப்போட கணக்குப்படி 12 கேஜ் 2¾, 3 இன்ச் ஷெல்லுக்கு அதிகபட்சம் சதுர இன்ச்சுக்கு 11,500 பவுண்டு, 3½ இன்ச்சுக்கு 14,000. அந்த வித்தியாசத்தை 3 இன்ச் பேரல் தாங்கணும்ன்னு எதிர்பாக்க முடியாது.

சோக் சிஸ்டம் பேரு எதுவும் இல்லாம வெறும் ஃபுல் அல்லது மாடிஃபைட்ன்னு குறுகலோட பேரு மட்டும் இருந்தா அது ஃபிக்ஸட் சோக் பேரலா இருக்கும், அதுல ட்யூப் மாட்ட முடியாது. மரை வெட்டித் தர்றேன்னு சிலர் சொல்லுவாங்க, பழைய பேரல்ல சுவர் எவ்வளவு கனம் இருக்குன்னு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) அளந்து பாக்காம அதுக்கு ஒத்துக்காதீங்க. தாத்தா காலத்து டமாஸ்கஸ் பேரலா (இரும்புப் பட்டையைச் சுத்தி அடிச்சுப் பண்ணினது) இருந்தா அதுல இந்தக் காலத்து டர்க்கி ஷெல்லே வேணாம், சோக் பத்தின பேச்சுக்கே அங்க இடம் இல்ல.

ஸ்டெப் 2: மரை ஏறுதுன்னா பொருந்துதுன்னு அர்த்தம் கிடையாது

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பிரௌனிங் கம்பெனிய எடுத்துக்கோங்க. பழைய இன்வெக்டர், அப்புறம் இன்வெக்டர் பிளஸ், அதுக்கு அப்புறம் இன்வெக்டர் டி.எஸ்.ன்னு மூணு இருக்கு, மூணுலயும் இன்வெக்டர்ங்கற வார்த்தை இருக்கறதால ஒண்ணுதான்னு தோணும், ஆனா ஒண்ணை இன்னொண்ணுல போடக்கூடாது. இன்வெக்டர் பிளஸ் பேரல் உள்விட்டம் பெருசு, 12 கேஜ்ல சுமார் 0.742 இன்ச், சாதாரண 12 கேஜ் 0.729. பழைய இன்வெக்டர் ட்யூபை அதுல வெச்சா ட்யூபோட பின்விளிம்பு குழல் வழியில துருத்திக்கிட்டு நிக்கும், ரவையும், அதைச் சுமந்துக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் கப்பான வாட்டும் மணிக்கு எண்ணூறு மைல் வேகத்துல வந்து அந்த விளிம்புல மோதும். அதுக்கப்புறம் என்ன ஆகும்ன்னு சொல்லத் தேவையில்ல.

ரெமிங்டன்ல ரெம் சோக் வேற, புரோ போர் வேற. பெரெட்டால மொபில் சோக் வேற, ஆப்டிமா சோக் வேற, ஆப்டிமா ஹெச்.பி. வேற. பெனெல்லில பழைய மொபில் மரையும் இருக்கு, கிரியோ ட்யூபும் இருக்கு. மாஸ்பெர்க்ல 500 மாடல்ல அக்யூ சோக், 835 அல்டி மேக்ல வேற ட்யூப், ரெண்டும் மாறாது. அதே சமயம் மாஸ்பெர்க் 500, வின்செஸ்டரோட பழைய வின்சோக், பிரௌனிங்கோட பழைய இன்வெக்டர் இது மூணுக்கும் 12 கேஜ்ல மரை ஒண்ணுதான், வேற வேற கம்பெனியா இருந்தும் சேரும். அதாவது ஒரே கம்பெனிக்குள்ள சேராது, வேற கம்பெனிக்குள்ள சேரும், அதனால பிராண்ட் பேரை வெச்சு ஊகிக்கறது சுத்தமா உதவாது.

விலை குறைவா வர்ற, துருக்கி நாட்டுல பண்ற துப்பாக்கிங்கள்ல பெரும்பாலும் மொபில் மாதிரி மரை இருக்கும், ஆனா மாதிரிங்கறது போதாது. அந்தத் துப்பாக்கியோட மேனுவல்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, மேனுவல் இல்லன்னா இம்போர்ட் பண்ற கம்பெனிக்கு போன் போட்டு மாடல் நம்பர் சொல்லிக் கேளுங்க. சோக் பண்றவங்க, கார்ல்சன்ஸ், ட்ரூலாக், ப்ரைலி மாதிரி ஆளுங்க, எந்த மாடலுக்கு எந்த ட்யூப்ன்னு பட்டியல் வெச்சிருக்காங்க, அதுல உங்க மாடல் பேரு தெளிவா இருந்தா மட்டும் வாங்குங்க. பட்டியல்ல இல்லாததை கடைக்காரர் இது சரியா வரும்னு சொன்னாலும் வேணாம்.

ட்யூபை கையால திருகும்போதே தெரிஞ்சுடும். சரியான ட்யூப் விரலாலயே கடைசி வரைக்கும் வழுக்கிக்கிட்டு போகும், சாவி கடைசில லேசா இறுக்க மட்டும்தான். ரெண்டு சுத்துலயே கெட்டியானா, ஆடினா, முழுசா உக்காராம நின்னா கழட்டிடுங்க.

ஸ்டெப் 3: கணக்கு போடுங்க, சின்ன கழித்தல்தான்

டர்க்கி ட்யூப் மேல 0.665 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். அது வெளிய போற வாயோட உள்விட்டம். அந்த நம்பரை மட்டும் வெச்சு இது டைட், அது லூஸ்ன்னு பேசறாங்க, அது பாதிக் கணக்கு. பேரல் உள்விட்டத்துல இருந்து இந்த நம்பரைக் கழிச்சா வர்றதுதான் உண்மையான குறுகல்.

0.729 பேரல்ல 0.665 ட்யூப் போட்டா குறுகல் 0.064 இன்ச். அதே 0.665-ஐ 0.742 பேரலுக்கு பண்ணின ட்யூப்ல எடுத்தா 0.077. மாஸ்பெர்க் 835 பேரல் உள்விட்டம் 0.775, அது கிட்டத்தட்ட 10 கேஜ் குழல், அதுல 0.695 ட்யூப் போட்டா நம்பர் பாக்க லூஸா தெரியும் ஆனா குறுகல் 0.080, மேல சொன்ன ரெண்டையும் விட ஜாஸ்தி. இத்தாலிக்காரங்க பேரல் சிலது 0.723, 0.725ன்னு சின்னதா இருக்கும், அதுல அதே 0.665 போட்டா குறுகல் 0.060 பக்கம் வந்துடும். ஃப்ரெண்டு 0.660 போட்டு நல்லா அடிக்கறான்னு நீங்களும் வாங்கறதுக்கு முன்னாடி அவன் பேரல் என்ன, உங்க பேரல் என்னன்னு பாக்கணும்.

ஒப்பிட்டுப் பாக்க வசதியா 12 கேஜ்ல பொதுவா இருக்கற அளவுங்க: சிலிண்டர்னா குறுகலே இல்ல, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 0.010, மாடிஃபைட் 0.020, ஃபுல் 0.035லிருந்து 0.040, டர்க்கி சோக்குங்க 0.050ல ஆரம்பிச்சு 0.075, 0.080 வரைக்கும் போகும். துப்பாக்கியோட வந்த ட்யூபா இருந்தா விளிம்புல கோடு வெட்டியிருக்கும், பெரெட்டா பெனெல்லில ஒரு கோடுன்னா ஃபுல், அஞ்சு கோடுன்னா சிலிண்டர். கோடு குறைய குறைய டைட்.

டைட்டா இருந்தா நல்லதுங்கற எண்ணத்தை இங்கயே விட்டுடுங்க. ஈயம் மெத்துன்னு இருக்கும், அளவுக்கு மீறி நசுக்கினா ரவை உருண்டை கெட்டு சப்பையாகி காத்துல கண்டபடி போகும், நடுவுல ஓட்டை விழுந்த பேட்டர்ன் கிடைக்கும். குறுகலைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு இடத்துல பேட்டர்ன் நல்லா வந்து அதைத் தாண்டினதும் திரும்ப கெட ஆரம்பிக்கும், பேரலுக்கு விழற அழுத்தம் மட்டும் ஏறிக்கிட்டே போகும்.

ஸ்டெப் 4: ஷெல்லுக்குள்ள என்ன இருக்கு?

இந்த வழிகாட்டில ஒரே ஒரு ஸ்டெப்பைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க.

ஈய ரவை குறுகலான இடத்துல கொஞ்சம் நசுங்கி வழி விடும். இரும்பு ரவை, அதாவது ஸ்டீல், நசுங்காது. கோயில் சின்ன வாசல்ல திருவிழாக் கூட்டம் ஒரே நேரத்துல நுழைஞ்சா தோளும் தோளும் முட்டி வாசலையே தள்ளும்ல, அந்த மாதிரி பெரிய இரும்பு ரவைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டி சோக் சுவரை வெளிப்பக்கமா தள்ளும். சுவர் மெல்லிசா இருந்தா வீங்கும், ட்யூப் வீங்கினா மரை பேரலோட இறுகிப் பூட்டிக்கும், அதுக்கு மேலயும் போனா பேரல் நுனில மோதிரம் மாதிரி ஒரு வளையம் வந்துடும். அதனாலதான் நிறைய டர்க்கி ட்யூப்ல ஈயம் மட்டும், ஸ்டீல் போடாதேன்னே பொறிச்சிருப்பாங்க. ஸ்டீல் ஷெல்லுக்கு மாடிஃபைடை விட டைட்டா போகாதீங்கன்னு பல துப்பாக்கி மேனுவல்ல இருக்கும், ட்யூப் பண்ணினவங்க ஸ்டீலுக்குன்னு தனியா எழுத்துல சொல்லியிருந்தா மட்டும் அதைத் தாண்டலாம்.

டர்க்கிக்கு யாரு ஸ்டீல் போடறாங்கன்னு கேப்பீங்க. கலிஃபோர்னியால 2019 ஜூலை 1ல இருந்து எந்த மிருகம், பறவையை வேட்டையாடவும் ஈயத் தோட்டா கூடாது. வேற மாநிலங்கள்லயும் சில அரசு வேட்டை நிலங்கள்ல ஈயத்துக்கு தடை இருக்கு. ஏற்கனவே ஈயத்துக்குன்னு வாங்கின எக்ஸ்ட்ரா ஃபுல் (ஃபுல்லை விட டைட்டான) ட்யூப் துப்பாக்கில இருக்கு, சட்டத்துக்காக வீட்டுல மிச்சம் இருக்கற வாத்து ஷெல்லைப் போடலாம்னு எடுக்கறாங்க, அது ஸ்டீல். தப்பு நடக்கறது இப்படித்தான். வாத்து வேட்டைக்கு நாடு முழுக்க 1991லயே ஈயத்தை நிறுத்திட்டாங்க, அதனால வாத்து ஷெல்ன்னு பெட்டில இருந்தாலே உள்ள இருக்கறது ஸ்டீலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிஸ்மத்துன்னு ஒண்ணு இருக்கு, ஈயத்தை விட கொஞ்சம் லேசு, அதுவும் மெத்துன்னு இருக்கும், ஆனா ரொம்ப நசுக்கினா உடையும். ஸ்டீல் அளவுக்கு பயம் இல்ல, ஆனா ரொம்ப டைட்டா போனா பேட்டர்ன் கெடும்.

டங்ஸ்டன் கலவை வேற கதை. ஹெவி ஷாட் மாதிரி பழைய கலவைங்க ஈயத்தை விட கொஞ்சம் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 12 கிராம் பக்கம், ஈயம் 11. டி.எஸ்.எஸ்.ன்னு சொல்ற டங்ஸ்டன் சூப்பர் ஷாட் 18 கிராம். அவ்வளவு அடர்த்தியா இருக்கறதால ரவையை ரொம்ப சின்னதா பண்ண முடியுது, 9 நம்பர் (நம்பர் கூட கூட ரவை சின்னது) டி.எஸ்.எஸ். தூரத்துலயும் ஈயத்தோட 5 நம்பர் மாதிரி ஊடுருவும். ஒரு அவுன்ஸ்க்கு 9 நம்பர்ல 360 ரவைக்கு மேல இருக்கும், ஈயம் 5 நம்பர்ல 170தான். அதாவது 20 கேஜ்ல 1½ அவுன்ஸ் டி.எஸ்.எஸ். போட்டா 540 ரவை, 12 கேஜ்ல 2 அவுன்ஸ் ஈயம் போட்டா 340. அதனாலதான் 12 கேஜை விட சின்ன குழலான 20 கேஜும், அதை விட சின்ன 410 போர் கூட, இப்ப டர்க்கி காட்டுல சாதாரணமா ஆயிடுச்சு. தோளுக்கும் நிம்மதி.

டி.எஸ்.எஸ். ரவை ஸ்டீலை விட கடினம், ஆனா சின்னதா இருக்கறதால குறுகல்ல பெரிய ரவை மாதிரி முட்டி நிக்காம வழுக்கிப் போகும், கூடவே கனமான வாடுக்குள்ள உக்காந்திருக்கும், பேரலைத் தொடாது. இந்த ரெண்டு காரணத்தாலதான் டைட்டான சோக்ல அதை போட முடியுது. ஆனா எல்லா டைட் சோக்லயும் போடலாம்னு இதை எடுத்துக்காதீங்க. துப்பாக்கியோட வந்த மெல்லிசு சுவர் எக்ஸ்ட்ரா ஃபுல் ட்யூப்ல டங்ஸ்டன் கூடாதுன்னு மேனுவல்ல இருந்தா கூடாதுதான். டி.எஸ்.எஸ்.க்குன்னு ரேட்டிங் எழுதின, நல்ல எஃகுல பண்ணின எக்ஸ்டெண்டட் ட்யூப் வாங்குங்க, அதுல குறுகல் பேரலை விட்டு வெளிய நீட்டிக்கிட்டிருக்கற பகுதில வரும், சுவரையும் கனமா வெக்க முடியும், வீங்கினாலும் பேரல் தப்பிச்சுடும். அதனால என்னைக் கேட்டா டர்க்கிக்கு, பேரல் நுனியோட சமமா நிக்கற ஃப்ளஷ் ட்யூபை விட எக்ஸ்டெண்டட் எவ்வளவோ மேல், விலை கூடத்தான், இருந்தாலும் அதையே வாங்குங்க.

சில ஷெல்லுல ரெண்டு மூணு சைஸ் ரவையைக் கலந்து போடுவாங்க, சிலதுல ரெண்டு உலோகத்தையும் கலப்பாங்க. பெட்டி முன்னாடி இருக்கற வான்கோழி படத்தைப் பாக்காம பின்னாடி சின்ன எழுத்துல உலோகம் என்ன, எந்த சோக்குல போடலாம்னு இருக்கறதைப் படிங்க. கலவைல கொஞ்சம் ஸ்டீல் இருந்தாலும் அதை ஸ்டீல் ஷெல்லாவே நினைச்சு நடந்துக்கோங்க.

மாநில சட்டம் ரவை சைஸுக்கும் எல்லை வெச்சிருக்கும், இவ்வளவுக்கு மேல பெருசு கூடாது, சில இடத்துல இவ்வளவுக்குக் கீழ சின்னது கூடாதுன்னு. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுது, டி.எஸ்.எஸ். வந்த பிறகு சில மாநிலங்கள் திருத்தவும் செஞ்சிருக்காங்க. அந்த வருஷத்து ரூல் புக்கை எடுத்துப் பாத்துட்டு ஷெல் வாங்குங்க, பழைய ஞாபகத்துல வாங்காதீங்க.

ஸ்டெப் 5: வாடும் ஓட்டை போட்ட சோக்கும்

ரவையைச் சுமந்துக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் கப்தான் வாட். சாதாரண வாட் வெளிய வந்ததும் முன்பக்கம் இதழ் மாதிரி விரிஞ்சு பின்னாடி விழுந்துடும். ஃபெடரல் கம்பெனியோட ஃப்ளைட் கன்ட்ரோல் வாட்ல பின்பக்கம் பிரேக் மாதிரி விரியற துடுப்பும் பக்கவாட்டுல வெட்டும் இருக்கும், ரவையை இன்னும் கொஞ்ச தூரம் பிடிச்சுக்கிட்டு போய் விடும். இந்த வாடை, பக்கத்துல ஓட்டை போட்ட போர்ட்டட் சோக்லயோ, உள்ள முள் மாதிரி வெச்சு வாடை நிறுத்தற சோக்லயோ போட்டா வாட் அங்கயே உரசிக் கிழிஞ்சு பேட்டர்ன் போயிடும். கம்பெனியே அதைப் போட வேணாம்னு சொல்லியிருக்கு. பின்னாடி வந்த ஃப்ளைட் கன்ட்ரோல் ஃப்ளெக்ஸ் ரெண்டுலயும் போகும். பெட்டில எதுன்னு பாருங்க.

போர்ட்டட் சோக்ல சத்தம் ஜாஸ்தி, பக்கவாட்டுல போகும். கூட உக்காந்து வான்கோழி மாதிரி சத்தம் போட்டு அதைக் கூப்பிடற ஆளோட காது போயிடும். வான்கோழிக்கு ஜோடியா உக்காந்து வேட்டையாடறவங்க இதை யோசிச்சு வாங்குங்க.

ஸ்டெப் 6: மாட்டறதும் கண்ணால பாக்கறதும்

திரும்பவும் தோட்டா இல்லன்னு பாருங்க. ஆக்‌ஷன் (ஷெல் ஏத்தற பகுதி) திறந்தே இருக்கட்டும், முடிஞ்சா பேரலைக் கழட்டி வெச்சுக்கிட்டு பண்ணுங்க.

பேரல் மரையை நைலான் பிரஷ்ஷால துடைச்சு, பழைய கரியும் பிளாஸ்டிக் பிசிறும் போகணும். பழைய ட்யூப் உக்காந்த இடத்துல கரி வளையம் ஒண்ணு இருக்கும், அது இருந்தா புது ட்யூப் கடைசி வரைக்கும் உக்காராது, இறுக்கின மாதிரி தோணும், ரெண்டு ஷெல்லுக்கு அப்புறம் கழண்டு ஆடும். மரைல சோக் க்ரீஸ் மெல்லிசா தடவுங்க, அப்பிடாதீங்க. கையால கடைசி வரைக்கும் திருகி, சாவியால நெருக்கமா வெச்சு விடுங்க. மல்லுக்கட்டி இறுக்க வேண்டாம்.

இப்ப முக்கியமான வேலை. பேரலைக் கழட்டி, நுனிப்பக்கம் டார்ச் வெளிச்சம் விழற மாதிரி வெச்சுக்கிட்டு சேம்பர் பக்கம் இருந்து உள்ள பாருங்க. குழல் பளபளன்னு நேரா போய் ட்யூப் ஆரம்பிக்கற இடத்துல ஒரு மெல்லிசு கறுப்பு வளையம் தெரியும், சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே கனத்துல. அது ட்யூபோட பின்விளிம்பு குழலை விட ஒரு துளி அகலமா இருக்கறதோட நிழல், அப்படித்தான் இருக்கணும். அந்த இடத்துல கறுப்புக்குப் பதிலா வெள்ளையா மினுமினுக்கற விளிம்பு தெரிஞ்சா, முழு வளையமா இருந்தாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி இருந்தாலும் சரி, ட்யூப் குழல் வழியில நிக்குதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும்னா ட்யூபோ மரையோ கோணல். அந்த ட்யூபை வெச்சு ஒரு ஷெல் கூட சுடக்கூடாது, பழக்க ஷெல் கூட வேணாம். வெர்னியர் காலிபர் வெச்சிருந்தா ட்யூபோட பின்பக்க உள்விட்டத்தை அளந்து பேரலோட ஒப்பிடுங்க, ட்யூப் அளவு பெருசா இருக்கணும், சமமா இருந்தாலே யோசிக்கணும். சந்தேகம்னா கன்ஸ்மித் கிட்ட போங்க, அவர் கம்பி விட்டு நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லிடுவார்.

ட்யூப் இல்லாம மரை தெரியற பேரல்ல சுடவே கூடாது. மரை நாசம், அதோட நுனியும் மெல்லிசா இருக்கறதால பிளக்கும்.

ஸ்டெப் 7: காட்டுக்கு முன்னாடி பேப்பர்ல

கண்ணாடி, காது மூடி போட்டுக்கோங்க. முதல் சில ஷெல் விலை குறைஞ்ச லேசான ஈய ஷெல்லா இருக்கட்டும், 20 யார்டுல பெரிய பேப்பர் வெச்சு துப்பாக்கி நீங்க பாக்கற இடத்துல அடிக்குதான்னு மட்டும் பாருங்க. பேட்டர்ன் நடு ரொம்பத் தள்ளி இருந்தா ட்யூப் கோணலான்னு திரும்ப ஸ்டெப் 6. கோணல் இல்லாமலும் தள்ளி அடிச்சா ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளி காட்டற குறி பாக்கற கருவி) வெச்சு சரி பண்ணிக்கலாம்.

ஒவ்வொரு ஷெல்லுக்கு அப்புறமும் துப்பாக்கியைக் காலி பண்ணிட்டு ட்யூப் கழண்டிருக்கான்னு விரலால பாருங்க. பேரல் நுனியை வெளிப்பக்கம் விரல் வெச்சு மெதுவா தடவிப் பாருங்க, வீக்கம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியும். ஒரு ரேஞ்ச்ல வயசான ஒருத்தர் இப்படித் தடவிட்டு சட்டுன்னு சுடறதை நிறுத்தினதை பாத்திருக்கேன். எனக்கு பாக்க ஒண்ணுமே தெரியல, வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினப்பதான் பேரல் மேல விழுந்த டியூப்லைட் நிழல் ஒரு இடத்துல வளைஞ்சு போனது தெரிஞ்சுது. அவர் ட்யூபைக் கழட்ட கூட முயற்சி பண்ணல, அப்படியே கன்ஸ்மித் கிட்ட கொண்டு போனார், அதுதான் சரி.

அப்புறம் உண்மையான டர்க்கி ஷெல், 40 யார்டுல. குறி வெச்ச இடத்தைச் சுத்தி 10 இன்ச் வட்டம் போட்டு அதுக்குள்ள எத்தனை ஓட்டைன்னு எண்ணுங்க. 100 இருந்தா போதும்னு டர்க்கிக்காரங்க பல காலமா வெச்சிருக்கற அளவு. ஆனா எண்ணிக்கையை மட்டும் பாக்காம வான்கோழி தலை, கழுத்து எலும்பு வரைஞ்ச டார்கெட்டை அது மேல வெச்சுப் பாருங்க, 130 ஓட்டை இருந்தும் கழுத்து இருக்கற இடத்துல காலியா இருந்தா அது உதவாது. 100க்குக் கீழ வந்தா ஷெல்லை மாத்துங்க, அல்லது குறுகலை ஒரு படி குறைச்சுப் பாருங்க. டைட் பண்ணித்தான் சரி செய்யணும்னு இல்ல, லூஸ் பண்ணினா நல்லா வர்றது ரொம்ப சகஜம்.

அதே ஷெல்லை 15 யார்டுலயும் ஒண்ணு சுடுங்க. ரொம்ப டைட்டான சோக்ல அங்க பேட்டர்ன் உள்ளங்கை அளவுதான் இருக்கும், கழுத்தை ஆட்டிக்கிட்டே வர்ற பறவையை அந்த அளவுல தவற விடறதும், பாதியா அடிச்சு காயத்தோட ஓட விடறதும் சுலபம். நீங்க டிகாய் பொம்மை வெச்சு கிட்ட வரவெச்சு சுடறவரா இருந்தா எக்ஸ்ட்ரா ஃபுல்லே தேவையில்ல, ஃபுல் அல்லது இம்ப்ரூவ்ட் மாடிஃபைட் (மாடிஃபைடுக்கும் ஃபுல்லுக்கும் நடுவுல) போதும். பேப்பர்ல எந்த தூரம் வரைக்கும் 100 வந்துதோ அதுதான் உங்க எல்லை, ஷெல் பெட்டில 60 யார்டுன்னு போட்டிருந்தாலும் சரி. டி.எஸ்.எஸ். ஷெல் அஞ்சு மட்டும் இருக்கற பெட்டியே பல நேரம் 40 டாலரைத் தாண்டுது, வீணாக்க மனசு வராது, புரியுது. ஆனா அந்த ட்யூப்ல அந்த ஷெல்லை ஒரு தடவை கூட பேப்பர்ல பாக்காம ஒரு உயிர் மேல சுடறது சரி கிடையாது.

சீசன்லயும் சீசனுக்கு அப்புறமும்

காட்டுல மரத்துல சாஞ்சு உக்காரும்போது பேரல் நுனி மண்ணைத் தொடும், இலை, சேறு உள்ள போகும், டைட்டான வாயில அது சீக்கிரம் அடைச்சுக்கும். இடம் மாறும்போதெல்லாம் ஷெல்லை எடுத்துட்டு நுனியைப் பாருங்க. 12 கேஜும் 20 கேஜும் வீட்டுல இருந்தா ரெண்டு ஷெல்லையும் ஒரே பாக்கெட்ல வெக்கவே வெக்காதீங்க. 20 கேஜ் ஷெல் 12 கேஜ் சேம்பரைத் தாண்டி பேரலுக்குள்ள போய் சிக்கிக்கும், மேல 12 கேஜ் ஷெல்லும் ஏறும், அதுக்கப்புறம் சுட்டா பேரல் வெடிக்கும். 20 கேஜ் ஷெல்லை மஞ்சள் கலர்ல பண்றதே இதுக்காகத்தான்.

சீசன் முடிஞ்ச அன்னைக்கே ட்யூபைக் கழட்டிடுங்க. மழைல நனைஞ்ச துப்பாக்கில ட்யூபை விட்டு வெச்சா மரைல துரு பிடிச்சு இறுகிடும். இறுகினதை ப்ளையர் போட்டு முறுக்க வேணாம், துரு எடுக்கற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வெச்சுட்டு சாவியால பாருங்க, அப்பவும் வரலன்னா கன்ஸ்மித். கழட்டின ட்யூபை உருட்டிப் பாருங்க, தள்ளாட்டம் இருந்தாலோ, உள்ள கீறல் கோடு நீளமா விழுந்திருந்தாலோ தூக்கிப் போட்டுடுங்க, யாருக்கும் குடுக்கவும் வேணாம். நல்ல ட்யூபைத் துடைச்சு எண்ணெய் தடவி டப்பாவுல போட்டு, எந்தத் துப்பாக்கி, எந்த ஷெல், எத்தனை யார்டு வரைக்கும் பேட்டர்ன் பாத்ததுன்னு டேப்ல எழுதி மேல ஒட்டி வெச்சுக்கோங்க. நவம்பர்ல மான் சீசனுக்கு அதே துப்பாக்கில ஸ்லக் (ரவைக்குப் பதிலா ஒரே பெரிய குண்டு) போட எடுக்கும்போது உள்ள டர்க்கி ட்யூப் இல்லாம சிலிண்டரோ இம்ப்ரூவ்ட் சிலிண்டரோதான் இருக்குன்னு கண்ணால பாத்துட்டு, அந்தப் பேரலுக்கு ஸ்லக் போடலாமான்னு மேனுவல்லயும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் முதல் ஸ்லக்கை ஏத்தணும். டர்க்கி சோக் வழியா ஸ்லக் போகவே கூடாது.